கழுவக் கூடாத பாட்டில்

என் அருமை மச்சான் கலியமூர்த்தி,

நீ இருந்தவரை உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுதியிருந்தால், “என்னா மச்சான், போன் தொலைஞ்சிட்டுதா?” என்று கேட்டுவிட்டுப் பிரிக்காமலேயே சட்டைப் பையில் செருகியிருப்பாய். இப்போது எழுதுகிறேன். இதையாவது குறுக்கே பேசாமல் முழுக்கக் கேள்.

முதலில் நல்ல சேதி. உன் மகள் தமிழ் முழுகாமல் இருக்கிறாள். இது எட்டாவது மாதம். வளைகாப்பு விழுப்புரத்தில் அவள் மாமியார் வீட்டில் நடந்தது. உன் தங்கச்சி மலர் அத்தைக்காரி என்ற முறையில் இரண்டு கையிலும் வளையல் அடுக்கினாள். நான் மாமன் முறைக்குப் பக்கத்தில் நின்று சந்தனம் பூசினேன். ஐந்து வகைச் சோறும் இருந்தது, நீ திட்டுவதற்கு வசதியாகப் புளிச்சோற்றில் உப்பு ஜாஸ்தி.

தலைப்பிரசவத்துக்கு அஞ்சலை மகளை ஊருக்குக் கூட்டி வந்துவிட்டாள். சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி பார்த்தாகிவிட்டது. பிள்ளை நன்றாக உதைக்கிறதாம். எல்லாம் சரி. ஆனால் உன் மகள் இப்போது உன் வீட்டில் இருந்துகொண்டு உன் போர்த் தண்ணீரைக் குடிக்கவில்லை. குடிக்க நாங்கள் விடவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உன் போரில் ஆர்சனிக் இருக்கிறது, மச்சான். நாட்டு மருந்துக் கடையில் பாஷாணம் என்பார்களே, அந்த இனம். யாரும் கொண்டுவந்து கொட்டியதாகத் தெரியவில்லை. பூமிக்குள் மண்ணோடு மண்ணாக இருந்தது, தண்ணீரோடு சேர்ந்து மேலே வருகிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசி கிடையாது. நாக்குக்குத் தெரியவே தெரியாது.

நாக்கு என்றதும் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். இருபது வருஷம் கை போர் போட்டவன் நீ. நாலு ஆள் சேர்ந்து குழாயைத் திருகித் திருகி இறக்க, நீ பக்கத்தில் குந்தி, வருகிற மண்ணை விரலில் தேய்த்துப் பார்ப்பாய். தண்ணீர் தெளிந்து வந்ததும் வீட்டுக்காரர் சூடம் கொளுத்துவதற்கு முன்னால் நீ உள்ளங்கையில் ஏந்தி மூன்று வாய் குடித்துக் காட்டுவாய். நீ குடித்த பிறகுதான் அந்த வீட்டில் மற்றவர்கள் குடிப்பார்கள். சிதம்பரத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் எத்தனை வீட்டுத் தண்ணீர் உன் வயிற்றுக்குள் போயிருக்கும்?

நான் கடலூரில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பது உனக்கு எப்போதுமே கேலிதான். “தண்ணியக் குடிக்காம பாத்துக்கிட்டே சம்பளம் வாங்குற ஆளு எங்க மச்சான்” என்று புது ஆளிடம் அறிமுகப்படுத்துவாய். நானும் சும்மா இருந்ததில்லை. பூமிக்குள் இருப்பதை நாக்கால் கண்டுபிடிக்கிறவனுக்குக் கட்டிக்கொடுத்த பெண் எப்படிச் சமைத்தாலும் தப்பிக்க முடியாது என்று அஞ்சலைக்காகப் பரிந்து பேசுவேன்.

இப்படி இருந்த நீ ஒரு நாள் என்னைத் தேடிக் கடலூருக்கே வந்தாய். ஞாபகம் இருக்கிறதா? பத்து வருஷம் இருக்கும். உன் தெருவில் ஐந்தாறு வீடுகளுக்குத் தண்ணீர் உன் வீட்டு போரிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் பிடித்த பாத்திரமெல்லாம் சிவப்பாகக் கறை படிகிறது, கலியமூர்த்தி போடுகிற போரெல்லாம் இப்படித்தான் என்று எவனோ பக்கத்து ஊரில் கிளப்பிவிட்டான். பேசி முடித்த இரண்டு வேலை கைநழுவிப் போனது. உனக்கு ஒரு காகிதம் வேண்டியிருந்தது. என் காகிதம்.

ஆபீசிலிருந்து பேருந்து நிலையம் வரைக்கும் உன்னோடு பேசிக்கொண்டே வந்தேன். பேச்சு தண்ணீரைப் பற்றி இல்லை. மறு வாரம் வரும்போது பிச்சாவரம் பக்கமிருந்து எறா வாங்கி வருகிறேன் என்றாய். தொக்கா, வறுவலா என்று பேசியதில் சிதம்பரம் வண்டி கிளம்பிவிட்டது. நீ ஓடி ஏறினாய். நான் ஜன்னல் வழியாகப் பாட்டிலை நீட்டினேன். “ரொப்பிக்கிட்டு வா மச்சான்” என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இரும்பு, ஆர்சனிக் மாதிரிச் சமாச்சாரங்களைப் பார்க்க நாங்கள் தனிப் பாட்டில் கொடுப்போம். அதன் அடியில் சில சொட்டு அமிலம் இருக்கும். அது இருந்தால்தான் தண்ணீரில் கரைந்திருப்பது அடியில் படியாமல் அப்படியே லேபுக்கு வந்து சேரும். அதனால் பாட்டில் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வேன். இதைக் கழுவாதீர்கள். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் குழாயிலிருந்து நேராகப் பிடியுங்கள். கலங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அப்படியே கொண்டுவாருங்கள்.

பஞ்சாயத்து ஆளிடம் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூட வாத்தியாரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை சொன்னால் போதாது என்று வாசல் வரை வந்து இரண்டாம் தடவையும் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது, வாஸ்தவம். அன்றைக்குச் சாயங்காலம் போன் பண்ணியிருக்கலாமே? தோன்றவில்லை. ஊரானிடம் சொல்வதை வீட்டு ஆளிடம் சொல்லத் தோன்றுவதில்லை.

மறு வாரம் நீ வந்தாய். ஒரு கையில் எறா, இன்னொரு கையில் பாட்டில். பாட்டில் பளபளவென்று இருந்தது. தண்ணீர் அப்படியொரு தெளிவு. மற்றவர்கள் பாட்டில் என்றால் திறந்ததும் ஒரு தாளை நனைத்து அமிலம் இருக்கிறதா என்று பார்ப்பேன். உன் பாட்டிலுக்கு அதையும் செய்யவில்லை. நம்ம மச்சான் பாட்டில்தானே.

பார்த்ததில் எல்லாம் அளவுக்குள் இருந்தது. குடிக்க உகந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீ அதைச் சிதம்பரத்தில் லேமினேஷன் போட்டு மோட்டார் கொட்டகையில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டாய். ஆயுத பூசைக்கு மோட்டாருக்குப் பொட்டு வைக்கும்போது அந்தக் காகிதத்துக்கும் சேர்த்து வைத்தாய். என் கையெழுத்தின் மேலேயே ஒரு குங்குமப் பொட்டு விழுந்திருந்தது. எனக்கும் அதைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அதற்குப் பிறகு உன் உள்ளங்கையில் சோளம் மாதிரிக் கெட்டியாகப் பொரி பொரியாக வந்தது. குழாய் திருகுகிற கை, காய்த்துப் போயிருக்கிறது என்றாய். ஆட்களை வைத்துத் திருகுகிறவன் நீ, உன் கை ஏன் காய்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உள்ளங்காலிலும் அதே மாதிரி இருந்தது. நெஞ்சில், முதுகில் கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள், புழுதித் தரையில் தூறல் விழுந்தது மாதிரி. மலர்தான் முதலில் கவனித்தாள். வெயிலில் நிற்கிறவன் உடம்பு வேறெப்படி இருக்கும் என்று அவளையும் நீ வாயடைத்துவிட்டாய்.

கடைசியில் சிறுநீரில் இரத்தம் போய், சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. பீடி குடிப்பீர்களா என்று டாக்டர் கேட்டார். குடித்தாய்தானே. அதுதான் காரணம் என்று எல்லோரும் நினைத்தோம். நானும் நினைத்தேன். தண்ணீர்க்காரனான நான் தண்ணீரைப் பற்றி நினைக்கவே இல்லை. காகிதம்தான் கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்ததே.

இந்த வருஷம் தை முடிந்ததும், ஆழமான போர்களை மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்று ஆபீசுக்கு ஒரு பட்டியல் வந்தது. அதில் நம்ம ஊரும் இருந்தது. மற்ற ஊருக்கெல்லாம் பாட்டில் கொடுத்தனுப்பினேன். நம்ம ஊருக்கு நானே போனேன், அஞ்சலையைப் பார்த்த மாதிரியும் இருக்கட்டும் என்று. அன்றைக்கு அவள் விழுப்புரம் போயிருந்தாள். நானே மோட்டாரைப் போட்டு, ஓடவிட்டு, குழாயிலிருந்து நேராகப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வந்த அளவைப் பார்த்ததும் மிஷினில்தான் கோளாறு என்று நினைத்தேன். மறுபடி பார்த்தேன். மறு நாள் போய் வேறு பாட்டிலில் பிடித்து வந்து பார்த்தேன். அதேதான். குடிக்கிற தண்ணீரில் இருக்கலாம் என்று வைத்திருக்கிற அளவைப்போலப் பல மடங்கு.

பிறகு பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். உன் பாட்டிலுக்கு நான் எழுதியது அப்படியே இருந்தது. ஆர்சனிக் வரியில் என் கண் நிற்கவில்லை, மச்சான், அதற்கு மேல் வரியில் நின்றது. இரும்பு என்ற இடத்தில், அநேகமாக இல்லை என்று எழுதியிருந்தேன். வெள்ளை வேட்டியைத் துவைத்தால் காவி வேட்டியாகிற தண்ணீர். அந்தக் கறைக்குப் பயந்துதான் நீயே காகிதம் கேட்டு வந்தாய். அந்தத் தண்ணீரில் இரும்பு இல்லை என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எழுதும்போது சந்தேகம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

இரும்பு காற்றுப் பட்டால் துருவாகி அடியில் படியும். படியும்போது ஆர்சனிக்கையும் கூட இழுத்துக்கொண்டு போகும். பாட்டிலில் அமிலமும் இல்லாமல், தண்ணீரும் மேலாகத் தெளிந்ததாக வந்திருக்கிறது. நீதான் பாட்டிலைக் கழுவியிருப்பாய் என்று முடிவு செய்தேன். அன்றைக்கு ஆபீசிலிருந்து வீட்டுக்கு நடந்தே போனேன். வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டு போனேன். அப்புறம் என்னைத் திட்டிக்கொண்டு.

மலரிடம் சொன்னேன். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி அதைக் கிளறி அண்ணியை அழவைக்க வேண்டுமா என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். அப்படிக் கேட்டிருந்தால் நானும் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டிருப்பேன், அந்த அளவுக்குத்தான் எனக்குத் தைரியம். ஆனால் அவள் கேட்டது வேறு. “தமிழு இன்னும் ரெண்டு மாசத்துல அங்க வருதே. அந்தத் தண்ணியத்தான குடிக்கும்?”

தாய் குடிப்பது வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். எனக்குத் தெரியாததா? மறு நாளே புறப்பட்டேன்.

உன் வீட்டு நடையில் செருப்பைக் கழற்றினேன். அஞ்சலை எப்போதும் போல ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வெயிலில் வந்த மனுஷனுக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் வாங்க என்ற வார்த்தை. நான் செம்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குடிக்கவில்லை. அப்படியே திண்டின் மேல் வைத்தேன். அந்த வீட்டில் கை நனைத்துத்தான் பெண் எடுத்தவன் நான், அங்கே தண்ணீர் வேண்டாம் என்று சொன்னதில்லை.

“ஏண்ணே, என்மேல ஏதாவது வருத்தமா?” என்றாள்.

“இந்தத் தண்ணி வேணாம் அஞ்சல. நீயும் குடிக்காத. தமிழுக்கும் குடுக்காத.”

உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். உன் கையில் வந்தது, நெஞ்சில் வந்தது, கடைசியில் வந்தது எல்லாவற்றையும். இதனால்தான் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்ல மாட்டார், ஆனால் இதனாலும் இருக்கலாம் என்பதையும் சொன்னேன். தமிழ் வந்தால் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சிக் கொடுக்கலாம் என்று இருந்தாளாம். காய்ச்சினால் கிருமிதான் சாகும், இது சாகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இது ஜாஸ்திதான் ஆகும் என்றேன். அவள் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்ப கொட்டாயில தொங்குற காயிதம்?” என்று கேட்டாள்.

“அது தப்பு. கையெழுத்து என்னுது, தப்பும் என்னுது.”

பாட்டிலில் மருந்து இருந்தது, கலியமூர்த்தி அதைக் கழுவிவிட்டார் போலிருக்கிறது, நான் சொல்லாமல் விட்டேன் என்று விளக்கினேன். அவள் தன் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். பிறகு அவள் சொன்னதைக் கேள், மச்சான். உன்னைத் திட்டியதற்கு மன்னித்துக்கொள்.

பாட்டிலைக் கழுவியது நீ இல்லை. நீ அதைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாய். காலையில் அவள்தான் எடுத்திருக்கிறாள். அடியில் என்னமோ ரெண்டு சொட்டு அழுக்குத் தண்ணீர் ஒட்டியிருக்கிறதே என்று விரலை விட்டுத் தேய்த்து, சபீனா போட்டு மூன்று தடவை அலசியிருக்கிறாள். விரல் லேசாக எரிந்திருக்கிறது. ஒரு வாரம் மஞ்சளாக இருந்ததாம். மஞ்சள் அரைத்தது போகவில்லை என்று நினைத்தாளாம்.

அந்த மஞ்சள் விரலை நான் பார்த்திருக்கிறேன். அதே வாரத்தில் உங்கள் வீட்டில் சாப்பிட்டபோது, அந்தக் கையால்தான் எனக்குச் சோறு போட்டாள். அந்த அமிலம் தோலில் பட்டால் மஞ்சளாகும் என்று லேபில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

கழுவிய பாட்டிலில் குழாய்த் தண்ணீரையும் அவள் பிடிக்கவில்லை. உன் வீட்டு நீல டிரம் தெரியுமே? சாயங்காலம் ரொப்பி வைத்தால் விடிவதற்குள் செம்புழுதியெல்லாம் அடியில் போய்விடும், மேலாக மொண்டுதான் அவளும் தமிழும் குடிப்பார்கள், சமைப்பார்கள். அதிலிருந்து நல்லதாக மொண்டு ஊற்றியிருக்கிறாள். “ஆபீசுக்குப் போற தண்ணி கலங்கலா போனா நம்மள என்னா நெனப்பாங்கண்ணே?” என்றாள். விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரி என் மிஷினுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள்.

நீ அந்த டிரம் தண்ணீரைத் தொட்டதே இல்லை. “தூங்குன தண்ணிய எவன் குடிப்பான்?” என்று சொல்லி, மோட்டார் போட்டதும் குழாயில் கையை ஏந்திக் குடிப்பாய். ஊர் ஊராகவும் அப்படியே குடித்தாய். தமிழையும் அஞ்சலையையும் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினோம். சிறுநீர், நகமெல்லாம் எடுத்துப் பார்த்தார். இருவர் உடம்பிலும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை, தண்ணீரை மாற்றிவிட்டு மாதா மாதம் வந்து காட்டுங்கள் என்றார். டிரம்மில் தெளிய வைத்ததுதான் அவர்களை இந்த அளவோடு விட்டிருக்கிறது. அதே டிரம்தான் என்னையும் ஏமாற்றியது. இதை எந்தப் பக்கம் வைத்துப் பார்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அப்படியானால் இனியும் தெளிய வைத்துக் குடித்தால் போதுமா என்று அஞ்சலை கேட்டாள். போதாது. டிரம் தண்ணீரையும் இந்தத் தடவை சரியாகப் பார்த்துவிட்டேன். குறைகிறதே தவிர, குடிக்கிற அளவுக்குக் குறையவில்லை. அன்றைக்கு மிச்சமிருந்ததும் அமிலம் இல்லாத பாட்டிலின் அடியில் படிந்துதான் என் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. குளிக்கலாம், துணி துவைக்கலாம். குடிக்கவும் சோறாக்கவும் வேண்டாம்.

இதெல்லாம் அப்புறம் நடந்தது. அன்றைக்கு அவள் விரலைப் பார்த்துக்கொண்டே கேட்டது ஒன்றுதான்.

“அந்தப் பாட்டில நான் கழுவுனதாலதான் அவுரு போயிட்டாராண்ணே?”

விதி என்று சொல்லியிருக்கலாம். பீடி என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. அந்தக் காகிதத்தில் எழுதியது மாதிரி இன்னொன்றைச் சொல்லிவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

“கழுவக் கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ கழுவியிருப்பியா?” என்று கேட்டேன்.

“மாட்டன்.”

“அந்த ஒரு வார்த்தய வச்சிருந்தவன் நான். உங்கிட்ட வந்து சேரல. நீ பண்ணுனது தப்பில்ல, அஞ்சல.”

அவள் அழுதாள். நானும் அழுதேன், மச்சான். உன் சாவுக்கு வந்தபோதுகூட நான் அவ்வளவு அழவில்லை. பிறகு அவள் எழுந்து போய், திண்டின் மேல் இருந்த செம்புத் தண்ணீரை வாசலில் செம்பருத்திக்கு ஊற்றினாள்.

அந்த வாரமே தெரு ஆட்களையெல்லாம் மோட்டார் கொட்டகை முன்னால் கூட்டினோம். காகிதத்தை யாரும் பார்க்காதபோது அவிழ்த்துவிடலாம் என்றுதான் எனக்கு எண்ணம். அஞ்சலை ஒப்பவில்லை. எல்லோரும் பார்க்கத் தொங்கவிட்டதை எல்லோரும் பார்க்கத்தான் அவிழ்க்க வேண்டும் என்றாள்.

உன் சிநேகிதன் குப்புசாமி, எதிர்வீட்டில் கறவை மாடு வைத்திருப்பவன், அவனுக்குத்தான் ரொம்பக் கோபம். செத்துப் போனவன் பெயரைக் கெடுக்கிறீர்கள் என்றான். அப்புறம் என்னைப் பார்த்து ஒன்று கேட்டான். “அன்னிக்கி நல்ல தண்ணின்னு கையெழுத்து போட்டதும் நீங்கதான். இன்னிக்கி கெட்ட தண்ணின்னு சொல்றதும் நீங்கதான். நாங்க எத நம்புறது?” நியாயமான கேள்வி. பாட்டில் விஷயத்தைச் சொன்னேன், சொல்ல வேண்டியதை நான் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். கழுவியது யார் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அஞ்சலை பின்னாலிருந்து முன்னால் வந்து நின்றாள். “கழுவுனது நானு” என்றாள். “அவுரு இல்ல, இந்த அண்ணனும் இல்ல. எனக்குத் தெரியாது, கழுவிட்டன். இப்ப நம்ம தமிழு புள்ளையோட வருது. நம்பலன்னா ஒவ்வொரு வூட்லயும் அவுங்கவுங்களே பாட்டில் வாங்கி ரொப்பிக் குடுங்க. கழுவாம குடுங்க.”

குப்புசாமி கொட்டகை வாசலை விட்டு விலகி வழிவிட்டான். கம்பி துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. காகிதத்தை நான் கழற்றினேன். குங்குமப் பொட்டு வெளுத்துப்போய் இருந்தது, என் கையெழுத்து மட்டும் பளிச்சென்று இருந்தது. லேமினேஷன் நன்றாகத்தான் போட்டிருக்கிறான்.

இப்போது உன் குழாய்க்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறோம். குடிக்கக் கூடாது என்று படிக்கத் தெரியாதவனுக்கும் தெரியட்டும் என்றுதான் சிவப்பு. இரண்டு தெரு தள்ளி இருக்கிற பஞ்சாயத்துத் தொட்டித் தண்ணீர் நன்றாக இருக்கிறது, நானே நேராகப் பிடித்துப் பார்த்தேன். அங்கிருந்து குழாய் இழுக்க மனு கொடுத்திருக்கிறோம். அதுவரை குப்புசாமி தன் வண்டியில் குடம் அடுக்கிக் கொண்டுவந்து தமிழுக்கு முதல் குடத்தை இறக்குகிறான். நீ இருந்திருந்தால் அவனை என்னவெல்லாம் சொல்லிக் கிண்டல் செய்திருப்பாய்.

ஒன்றுதான் மனதில் நிற்கிறது. அன்றைக்கு நான் சரியான காகிதத்தைக் கொடுத்திருந்தால் நீ கேட்டிருப்பாயா? குடிப்பதை நிறுத்தியிருப்பாயா? அல்லது, “ஒன் மிஷினுக்கு என்னா தெரியும்” என்று குழாயடியில் கையை ஏந்தியிருப்பாயா? கேட்டிருப்பாய் என்று நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. கேட்டிருக்க மாட்டாய் என்று நினைத்துத் தேற்றிக்கொள்ளவும் பிடிக்கவில்லை. அந்தச் சந்தர்ப்பத்தை உனக்கு நான் தரவே இல்லை என்பதுதான் நிஜம்.

நீ போர் போட்டுக் குடித்துக் காட்டிய வீடுகளின் பட்டியல் அஞ்சலைக்கு மனப்பாடம். போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொல்லச் சொல்லத் தமிழ் எழுதினாள். அத்தனை வீட்டுத் தண்ணீரையும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். எல்லாம் கெட்டதாக இருக்காது. நிறைய நல்லதாகவே இருக்கும். இருந்தால் உன் பெயரைச் சொல்லியே காகிதம் கொடுப்பேன்.

முதல் வீட்டுக்கு நேற்று அஞ்சலை கிளம்பும்போது பாட்டிலை அவள் கையில் கொடுத்தேன். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், அடியில் அந்த ரெண்டு சொட்டு. இத்தனை வருஷப் பழக்கம் விடுமா, கை தானாகக் குழாய்ப் பக்கம் போனது. பாதியில் நின்றுவிட்டது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“தெரியும்ணே” என்றாள்.

தெரியும்தான். ஆனாலும் சொன்னேன். கழுவாத, அஞ்சல. மோட்டார ஓடவுட்டு நேராப் புடி. கலங்கலா இருந்தா பரவால்ல. வாசல் வரைக்கும் வந்து இன்னொரு தடவையும் சொன்னேன். அவள் சின்னப் பிள்ளை மாதிரி நின்று இரண்டு தடவையும் கேட்டுக்கொண்டாள்.

இனி இப்படித்தான், மச்சான். அந்த வார்த்தையைச் சொல்லாமல் ஒரு பாட்டிலும் என் கையை விட்டுப் போகாது. தெரிந்தவர்களுக்கும் சொல்வேன். வீட்டு ஆட்களுக்கு முதலில் சொல்வேன். பஸ் கிளம்பிவிட்டால் பின்னாலேயே ஓடிவந்து சொல்வேன்.

உன் தங்கச்சி மலரைக் கட்டியவன்,
உன் பேரப்பிள்ளைக்குத் தாத்தா முறையாகப் போகிறவன்,
உன் மச்சான்
செல்வராசு